வீட்டில் குளவிக்கூடா? ஒட்டடைக்கம்பை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நான் முதன்முதலில் குளவிக்கூட்டில் கை வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பினாங்கு கெலுகோரில் எங்கள் வீட்டுப் போர்ச் கூரைக்கு அடியில், துணி காயும் கொடிக்கு நேர் மேலே இருந்தது. ஒட்டடைக்கம்பால் ஒரே தட்டு. கூடு விழுந்தது, குளவிகள் விழவில்லை. கண்ணிமையில் ஒன்று, காதுமடலில் ஒன்று. மறுநாள் ஒற்றைக்கண்ணோடு வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு கூடுகளைக் கொட்டு வாங்காமல் எடுத்திருக்கிறேன். அதைவிட அதிகமான கூடுகளைத் தொடாமலே விட்டிருக்கிறேன். எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் இதில் பாதி வேலை.

1. எந்தக் குளவி?

நான்கு ஐந்து மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சுவரிலோ சாமி அறை மூலையிலோ மண் அப்பியது போல இருந்தால் அது மண்குளவி. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி, எங்கள் அம்மா அதை இடிக்கவே விடமாட்டார். குழந்தை சங்கதி எனக்குத் தெரியாது, ஆனால் விட்டுவைப்பதில் நஷ்டமில்லை. இது கூட்டமாக வாழாது, கூட்டைக் காக்கப் பாய்ந்து வராது, கையால் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். ஒரு முறை அப்படி ஒரு கூட்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்னச் சிலந்திகள் அடுக்கி வைத்திருந்தன. சாகவில்லை, மயக்கத்தில் இருந்தன, ஒன்றின் கால் மட்டும் மெல்ல அசைந்தது. புழு வளர வளரத் தின்ன அவ்வளவும் தாய் கட்டிக்கொடுத்த சோறு. கூட்டில் உருண்டையான ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சு பறந்துவிட்டது என்று அர்த்தம். பழைய தோசைக்கரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

தாமரைக்காயைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல, சாம்பல் நிறத்தில், அறைகள் வெளியே தெரியும்படி ஒரு மெல்லிய காம்பில் தொங்கினால் அது காகிதக்குளவி. மரத்தைச் சுரண்டி எச்சிலோடு மென்று கட்டும் கூடு. அருகே போனால் குளவிகள் எல்லாம் உங்கள் பக்கம் திரும்பி இறக்கையைத் தூக்கும். அது எச்சரிக்கை, பின்வாங்குங்கள். நாம் எடுக்கக்கூடியது இந்தக் கூட்டைத்தான், அதுவும் சின்னதாக இருந்தால் மட்டும்.

பந்து மாதிரி முழுக்க மூடி, பழுப்புக் கோடுகளோடு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். மலாய்க்காரர்கள் தெபுவான் என்பது, தமிழ்நாட்டில் கதண்டு, கடந்தை என்பது இதுதான். இங்கே அடிக்கடி கண்ணில் படும் வகை கறுப்பு உடம்பு, வயிற்றில் அகலமான மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். நிறையப் பேர் ஒரே நேரத்தில் கொட்டுப்படுவதும், உயிர் போவதும் இதனால்தான்.

2. எடுக்க வேண்டுமா?

கூடு ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருந்தால் நான் எடுப்பதில்லை. எங்கள் பின்கட்டில் கறிவேப்பிலை மரத்துக்கு மேலே ஒரு காகிதக்கூடு தொங்குகிறது. அது வந்ததிலிருந்து இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் குறைந்திருக்கின்றன. குளவி தன் குஞ்சுக்கு அந்தப் புழுவைத்தான் பிடித்துப் போகும்.

வாசல், கொடி, ஏசி பெட்டி, பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் எடுக்கத்தான் வேண்டும். குளிர்காலத்தில் தானாகச் செத்துவிடும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது குளிர் நாட்டுக் கதை. நமக்கு ஏது குளிர்காலம்?

3. பொம்பாவை, அதாவது தீயணைப்பு மீட்புப் படையைக் கூப்பிடுவது

பந்துக்கூடு, உள்ளங்கையைவிடப் பெரிய காகிதக்கூடு, ஏணி வைத்தால்தான் எட்டும் கூடு, கூரைக்குள் போன கூடு, வீட்டில் யாருக்காவது குளவிக் கொட்டுக்கு ஒவ்வாமை இருப்பது: இதில் எதுவாக இருந்தாலும் அருகிலுள்ள தீயணைப்பு மீட்பு நிலையத்துக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ போன் செய்யுங்கள். யாராவது கொட்டுப்பட்டு ஆபத்தில் இருந்தால் நேரே மலேசிய அவசர எண் 999. அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அவர்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வருவார்கள். அதுவரை அந்தப் பக்கம் புல் வெட்டும் மிஷினை ஓட்டாதீர்கள். அதன் அதிர்வே கூட்டைக் கிளப்பிவிடப் போதும்.

4. சின்னக் கூட்டை நாமே எடுப்பது

எடுத்து வைக்க வேண்டியவை: பூச்செடிக்கு அடிக்கும் பம்ப் பாட்டில், ஒரு லிட்டர் தண்ணீர், அதில் மூன்று நான்கு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு. நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். வெறும் தண்ணீர் குளவியின் மேல் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். சோப்புத் தண்ணீர் உடம்பில் பரவி, மூச்சு விடும் துளைகளை அடைத்துவிடும்.

கடையில் விற்கும் பூச்சி ஸ்பிரேயும் வேலை செய்யும். ஆனால் அது தீப்பிடிக்கும், சாமி விளக்கோ கேஸ் அடுப்போ எரியும்போது அடிக்கவே கூடாது. மீன் தொட்டிக்கும் பூனைக்கும் ஆகாது. எனக்குச் சோப்பே போதும்.

உடை விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. மோட்டார் சைக்கிள் இருக்கும் வீட்டில் மழைக்கோட்டும் கண்ணாடி மூடிய ஹெல்மெட்டும் இருக்கும். இரண்டையும் போடுங்கள். கழுத்தில் துண்டு, கையில் கனமான ரப்பர் உறை, காலில் பூட்ஸ். கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்குங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

நேரம் இரவு எட்டரைக்கு மேல். மேயப்போன குளவிகள் எல்லாம் அப்போது கூட்டில் இருக்கும், இருட்டில் அவ்வளவாகப் பறக்காது. போர்ச் விளக்கை அணையுங்கள். டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் குளவிக்குச் சரியாகத் தெரியாது. அதைக் கையில் பிடிக்காமல் தள்ளி ஒரு நாற்காலியில் வையுங்கள். கலைந்த குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் போகும்.

பிள்ளைகளையும் நாயையும் உள்ளே விட்டு, சன்னல்களைச் சாத்துங்கள். நீங்கள் ஓட வேண்டிய கதவு மட்டும் பூட்டாமல் இருக்கட்டும். கூட்டுக்கு நேர் கீழே நிற்காதீர்கள், நனைந்த குளவிகள் தலையில் கொட்டும், இரண்டு அர்த்தத்திலும். பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பாட்டில் மூக்கைத் திருகி நேர்க்கோடாகப் பீய்ச்சும்படி வைத்து, முதலில் காம்பைச் சுற்றி, பிறகு கூடு முழுக்க நனையும்வரை நிறுத்தாமல் அடியுங்கள். முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். வேலை முடிந்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டாம்.

காலையில் பாருங்கள். அசைவு இருந்தால் அன்றிரவு இன்னொரு முறை. இல்லையென்றால் கம்பால் தட்டி விழவைத்து, பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கீழே கிடக்கும் குளவியை வெறுங்கையால் எடுக்காதீர்கள். செத்ததுபோல் கிடந்தாலும் கொட்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன வழியையும் எழுதிவிடுகிறேன். “மண்ணெண்ணெய்த் துணியக் கம்புல சுத்திக் கொளுத்திடு தம்பி, அஞ்சு நிமிஷ வேலை.” கூரைப் பலகையும் அஞ்சு நிமிஷத்தில் போய்விடும் அண்ணே என்றேன்.

5. கொட்டிவிட்டால்

கையை வீசி அடிக்காதீர்கள். நசுங்கிய குளவியிலிருந்து வரும் வாடை மற்றவற்றைச் சண்டைக்கு அழைக்கும். முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள். தேனீ போலக் குளவி கொடுக்கை விட்டுப் போவது வழக்கமில்லை, அதனால் ஒன்றே பல முறை கொட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு வராது. சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம். அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூச்சு முட்டினால், உதடோ நாக்கோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், தலை சுற்றினால் 999. தெபுவான் பல முறை கொட்டியிருந்தால், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தெரியவரும், சிறுநீர் கறுப்பாகப் போவது அதற்கு ஓர் அறிகுறி.

6. மறுபடி கட்டாமல் இருக்க

கூட்டை எடுத்த இடத்தில் காம்பின் அடியைச் சுரண்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒரு முறை போர்ச்சைக் கழுவும்போது தலையைத் தூக்கிக் கூரை ஓரத்தையும் பாருங்கள். ஆரம்பத்தில் நான்கைந்து அறைகளும் ஒன்றிரண்டு குளவிகளும்தான் இருக்கும். அவை வெளியே போயிருக்கும்போது கம்பால் தட்டிவிட்டாலே வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் அடிக்கடி கூடு கட்டிய இடம், முன்பக்க இரும்புத் தாழ்வாரக் குழாயின் திறந்த முனை. ஒரு பழைய ஜப்பான் சிலிப்பரை, அதாவது ரப்பர் செருப்பை, வட்டமாக வெட்டி அதில் அடைத்தேன்.