ஏ.டி.எச்.டி. உள்ள செவிலியர் வார்டில் பணிபுரியும் முறை

ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் சிதறுவதும் அளவுமீறிய துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு, தமக்கு இருப்பது பலருக்கு வேலைக்கு வந்த பிறகே தெரிய வருகிறது. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி 17 வயதைக் கடந்தவருக்கு ஐந்து அறிகுறிகள் இருந்தாலே போதும்; ஆனால் அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். மனநல மருத்துவர் உறுதிசெய்த பிறகு ஒரு செவிலியர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, வார்டில் எதையும் நினைவில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை என்பதே.

டியூட்டி ஏற்கும்போது ஒரு தாளில் படுக்கை எண் வாரியாகக் கோடிட்டு, முந்தைய ஷிஃப்ட் செவிலியர் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஓவரைக் கேட்கக் கேட்கவே எழுதுங்கள். உள்ளங்கையில் எழுதியது கைகழுவும்போதே போய்விடும். மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் உத்தரவை எழுதி, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி, சரி என்று கேட்ட பின்னரே போனை வையுங்கள்.

மருந்து கொடுக்கும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. இன்சுலினைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, "சிஸ்டர், அம்மாவுக்கு ட்ரிப் தீரப் போகுது" என்று ஒருவர் வந்து நிற்பார். அவசரமில்லையென்றால், "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிக் கையில் உள்ளதை முடியுங்கள். போயே ஆகவேண்டிய நிலையென்றால், லேபிள் ஒட்டாத சிரிஞ்சை அப்புறப்படுத்திவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல், நோயாளி, மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம் என்ற ஐந்தையும் முதலிலிருந்து சரிபாருங்கள். வீணாகும் ஒரு டோஸைப் பற்றி யாரும் உங்களைக் குறை சொல்ல இடமில்லை. மருந்து உள்ளே போனவுடன் அந்தப் படுக்கை அருகிலேயே சார்ட்டில் கையெழுத்திடுங்கள். ரவுண்டு முடிந்ததும் மொத்தமாகக் கையெழுத்திடும் பழக்கம் யாருக்கும் நல்லதல்ல, நமக்கு அது இரட்டை டோஸில் கொண்டுபோய் விடும்.

நேரம் போவது தெரியாமல் ஒரே வேலையில் மூழ்கிவிடுவதும் இதே நிலையின் மறுபக்கம்தான். ரத்தம் ஏற்றத் தொடங்கினால் 15 நிமிடத்தில் நாடித்துடிப்பையும் வெப்பநிலையையும் மறுபடி பார்க்க வேண்டும்; ஆகவே துளிகளின் வேகத்தைச் சரிசெய்த கையோடு, அதிரும் அலாரத்தையும் வைத்துவிடுங்கள். அவசர சிகிச்சையில் ஏ.டி.எச்.டி. உள்ள பலர் திறமையாகச் செயல்படுகிறார்கள், அதில் பெருமைப்படலாம்; ஆனால் பரபரப்பு அடங்கியதும் பதிவுகள் விட்டுப்போகும் என்பதால், கொடுத்த மருந்தையும் நேரத்தையும் அப்போதே குறிக்க ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மீதைல்பெனிடேட் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. உங்கள் மருத்துவரின் சீட்டில் மட்டுமே வாங்குங்கள், தெரிந்த டாக்டரிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். அது பசியையும் தூக்கத்தையும் குறைப்பதால், நைட் டியூட்டி வாரங்களில் எப்போது உட்கொள்வது என்பதை டியூட்டி அட்டவணையைக் காட்டியே கேளுங்கள். இதற்கான இன்னொரு மருந்தான அடோமாக்ஸெட்டின் பலன் தரச் சில வாரங்கள் ஆகும்; முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடாதீர்கள்.

மேலதிகாரியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சொல்வதானால், கவனம் சிதறுகிறது என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், தேவையைக் குறிப்பாகக் கேளுங்கள்: மருந்து ரவுண்டின்போது வார்டு போனை வேறொருவர் எடுக்கட்டும், ஷிஃப்டை நாளுக்கு நாள் மாற்றாமல் வாரக்கணக்கில் போடட்டும். இவற்றை இன்சார்ஜ் சிஸ்டரே முடிவு செய்துவிட முடியும்.