தசை வலு குறைந்திருக்கிறதா? நாற்காலி, இன்ச் டேப், டைனமோமீட்டர் கொண்டு அளப்பது எப்படி

தொடை மெலிந்தது கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் வலு அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். வயதாகும்போது தசையின் பருமனைவிட வலுதான் வேகமாக இறங்கும். படுத்த படுக்கையாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய்நொடியில்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ கொழுப்பற்ற திசு குறைந்துபோனது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை வைத்து லண்டனில் நடந்த 2013 ஆய்வில், முன்தொடைத் தசை ஒன்றின் குறுக்குவெட்டுப் பரப்பு 10 நாளில் ஏறத்தாழ 18% சுருங்கியிருந்தது.

ஆகவே பெரியவர் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், அந்த வாரமே அளந்து எழுதி வையுங்கள். கீழே உள்ள எல்லை அளவுகள் சார்கோபீனியாவுக்கான (வயதானவர்களுக்குத் தசையும் வலுவும் குறையும் நிலை) ஆசிய நிபுணர் குழு 2019-இல் வெளியிட்டவை. வயதானவர்களுக்கு மட்டுமே பொருந்தும்; முப்பது வயதுக்காரரை இவற்றோடு ஒப்பிடாதீர்கள்.

1. ஐந்து முறை எழுந்து உட்காருதல்

இங்கே சொல்லும் மூன்று சோதனைகளில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செலவில்லை, அன்றாடம் தேவைப்படும் வலுவையே இது அளக்கிறது.

கைப்பிடி இல்லாத, இருக்கை தரையிலிருந்து 43 முதல் 45 செ.மீ. உயரமுள்ள நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்: உட்காரும்போது வளையும், டைல்ஸ் தரையில் வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அளப்பவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எழுந்ததும் தலைசுற்றுபவர், நெஞ்சுவலி உள்ளவர், இடுப்பு அல்லது முழங்கால் அறுவை செய்து சில வாரங்களே ஆனவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டச் சொல்லி, முதலில் ஒரே ஒரு முறை எழச் சொல்லுங்கள். கையூன்றாமல் எழ முடியவில்லையா? அங்கேயே நிறுத்தி, ‘எழ முடியவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். தூக்கிவிட்டு நேரம் எடுப்பதில் பயனில்லை.

எழ முடிந்தால், ‘முடிந்த அளவு வேகமாக ஐந்து தடவை’ என்று சொல்லி ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். ஐந்தாவது முறை முழுதாக நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் வலுவும் இயக்கமும் குறைந்திருக்க வாய்ப்புண்டு. முழங்கால் நிமிராமல் பாதியில் உட்காருவதும், பிருஷ்டம் இருக்கையைத் தொடாமலே மறுபடி எழுவதும் வழக்கமான தப்புகள். இரண்டும் நேரத்தைக் குறைத்துக் காட்டும். அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. கெண்டைக்கால் சுற்றளவு

உட்கார வைத்து, முழங்காலை 90 பாகைக்கு மடக்கி, கெண்டையின் பருத்த இடத்தில் டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்றுங்கள். தோல் அமுங்கக் கூடாது. இரு காலையும் அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. இவற்றுக்குக் கீழே இருந்தால் தசை குறைவு என்று சந்தேகிக்கலாம். தையல் டேப் பழசாகி நீண்டிருந்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்; ஸ்கேலோடு வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

கால் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. முழங்காலுக்குக் கீழே, காலின் முன்புற எலும்பின்மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். குழி நின்றால் அது நீர். உடல் பருமனானவர்களுக்கும் இது ஏமாற்றும். டேப்புக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான்.

3. கைப்பிடி வலு

டைனமோமீட்டர் என்பது கையால் இறுக்கிப் பிடிக்கும் வலுவை அளக்கும் கருவி. ஹைட்ராலிக் வகை என்றால் உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கி அளக்க வேண்டும். ஸ்பிரிங் வகை என்றால் நின்று, கையை நேராகத் தொங்கவிட்டு. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றொன்று என்று மாற்றினால் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறையும் உச்ச அளவைக் காட்டி நிற்கும் ஊசியைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள். சுமார் 3 விநாடி இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், மூச்சை அடக்க வேண்டாம். குறைந்தது இரண்டு தடவை அளந்து அதிகமானதை எழுதுங்கள். ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே என்றால் வலு குறைவு.

டயலில் பவுண்டும் கிலோவும் சேர்ந்தே இருக்கும். 40 பவுண்டை 40 கிலோ என்று படித்தால், 18 கிலோ வலு மட்டுமே உள்ளவரைத் திடகாத்திரம் என்று எழுதிவிடுவீர்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) இல்லாத கையில் அளப்பதே பாதுகாப்பு.

நோய் எண்ணை எப்படி மாற்றும்

நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு முதலில் தளர்வது இடுப்பும் தொடையும்தான். பிடிவலு நன்றாக இருக்கும், நாற்காலியிலிருந்து எழத்தான் திணறுவார். மூட்டு வாதத்தில் இதற்கு நேர்மாறு: விரல் வலியால் பிடி குறையும், அதைத் தசைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கவாதத்தில் நல்ல பக்கம், பாதித்த பக்கம் இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். பார்கின்சனில் நேரம் கூடுவதற்கு வலுவைவிட இயக்கத்தின் மந்தமே காரணமாக இருக்கலாம்.

குறைவாக இருந்தால்

முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஆரம்பப் பயிற்சி அந்த நாற்காலியிலேயே தொடங்கும்: கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டி, 8 முதல் 10 முறை எழுந்து உட்காருதல், வாரம் 2 அல்லது 3 நாள், நடுவில் ஓய்வு. சுலபமானதும் மெத்தையை எடுத்துவிடலாம். உணவில் புரதம் ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 1 முதல் 1.2 கிராம், 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவர் சொல்லும் அளவை மீறக் கூடாது.

ஆறு வாரம் கழித்து அதே நாற்காலி, நாளின் அதே வேளை, அதே செருப்போ வெறுங்காலோ வைத்து மறுபடி அளங்கள். முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவது. எனவே 15 விநாடி 12 ஆகியிருக்கும், டேப் மட்டும் அசையாது. அதைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

சில நாட்களிலேயே வலு மளமளவென்று இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தாலோ, முகமோ கையோ ஒரு பக்கம் தொங்கினாலோ, அளந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.