ஸ்மார்ட் போர்டுல பாத்தாச்சுன்னா புரிஞ்சாச்சுன்னு நினைக்காதீங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துல எட்டாவது, ஒன்பதாவது புள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறேன். போன மாசம் மின்சாரப் பாடத்தை ஆரம்பிச்சதுமே "இதெல்லாம் ஸ்கூல்ல போர்டுல வீடியோ போட்டுட்டாங்க மிஸ், புரிஞ்சிடுச்சு"ன்னு எல்லாரும் சேர்ந்து சொன்னாங்க. சரின்னு ஒரு பேட்டரி, குட்டி டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் குடுத்து எரிய வைங்கன்னேன். கால் மணி நேரம் ஆகியும் ஒருத்தருக்கும் எரியல. பல்போட அடிமுனை ஒரு தொடர்பு, பக்கத்துல இருக்குற மரை இன்னொரு தொடர்பு, ரெண்டு வழியாவும் கரண்ட் போய் வந்தாத்தான் எரியும். ஆனா வீடியோவுல பல்புன்னா ஒரு வட்டம், இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான், அதனால பாவம் எல்லாரும் ஒயரை அடிமுனையிலயே வெச்சு வெச்சுப் பாத்துட்டு இருந்தாங்க.

முதல் தப்பு இதுதான். வீடியோ ஓடும்போது கிளாஸ் அமைதியா இருக்குறதைப் பாத்து நாமளும் ஏமாந்துடுறோம், புள்ளைங்களும் தனக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு நம்பிடுதுங்க. நடுவுல நிறுத்தி "அடுத்து என்ன ஆகும், நோட்டுல வரைஞ்சு காட்டு"ன்னு கேட்டுட்டு அப்புறம் ஓட விடுங்க, அதே வீடியோ அப்பத்தான் பிரயோஜனப்படும்.

அடுத்தது, போர்டுல இருக்குறதை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுறது. அம்மா அப்பாவுக்கு வசதிதான், ஆனா எழுதும்போது எது முக்கியம்னு யோசிக்கிற வேலை புள்ளைக்கு இல்லாமலே போயிடுது.

போன் விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பு. படிக்கும்போது சைலண்ட்ல வெச்சுப் பக்கத்துல வைக்காதீங்க, வேற ரூம்லயே வைங்க. கவனம் ஒரு தடவை கலைஞ்சா பழையபடி பாடத்துக்குத் திரும்ப 20 நிமிஷம் வரைக்கும் ஆகலாம்னு 2023-ல வந்த யுனெஸ்கோ அறிக்கையே சொல்லுது, ஒரு பீரியடே முக்கால் மணி நேரம்தானே.

அதுக்காக கம்ப்யூட்டரே வேண்டாம்னு சொல்றதும் தப்புதாங்க. பெரு நாட்டுல புள்ளைக்கு ஒரு லேப்டாப்னு குடுத்துப் பாத்தாங்க, கணக்கு, மொழி ரெண்டுலயும் மார்க் ஏறல. ஆனா டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாப்ட்வேரை வெச்சு சென்டர்ல சொல்லிக் குடுத்தப்போ கணக்கும் ஹிந்தியும் நல்லாவே ஏறிச்சு, 2019-ல அந்த ஆய்வு வெளியாச்சு. அந்த சாப்ட்வேர் எட்டாவது புள்ளைக்கு எட்டாவது பாடத்தையே ஓட்டாம, அவன் நிஜமா எந்த அளவுல நிக்கிறான்னு பாத்து, நாலாவது கணக்குன்னா அங்கேர்ந்தே ஆரம்பிக்கும், 40 பேர் இருக்குற கிளாஸ்ல டீச்சரால ஒவ்வொருத்தனுக்கும் அப்படிச் செய்ய முடியாது பாருங்க. அதனால ஆப் வாங்குற முன்னாடி, புள்ளை தப்பா பதில் போட்டா அது என்ன செய்யுதுன்னு பாருங்க, வெறும் சிவப்பு கலர் காட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போச்சுன்னா காசு குடுக்காதீங்க.

நம்ம சமச்சீர் புக்லயே க்யூஆர் கோடு இருக்கு, அதை ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி பாடத்தை ஒரு தடவை படிக்க வைங்க, படத்தைப் பாக்காம வரையச் சொல்லுங்க. எங்க வீட்டுல இப்போ அப்படித்தான், பல்பு எரிஞ்ச அப்புறம்தான் வீடியோ.