ஃப்ளூட் சூடான பிறகே சுருதி சேருங்கள்

ஃப்ளூட் குவார்டெட் (ஃப்ளூட்டும் மூன்று தந்தி வாத்தியங்களும் சேரும் நால்வர் இசை) ஒத்திகையில், ஃப்ளூட்டைப் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே வயலின், வியோலா, செல்லோவை அதனோடு சுருதி சேருங்கள். நடுநடுவே நிறுத்தி முறுக்காணி திருகும் வேலை பெருமளவு குறையும். உள்ளே காற்று சூடாக ஆக ஃப்ளூட்டின் சுருதி ஏறும். தந்திகளோ சூட்டில் தளர்ந்து இறங்கும். மொசார்ட் 1777இல் எழுதிய டி மேஜர் குவார்டெட்டின் இரண்டாம் பகுதியில் மூவரும் தந்தியை விரலால் மீட்ட, மேலே ஃப்ளூட் தனியாகப் பாடும். எவ்வளவு அழகான இடம்! அங்கே கொஞ்சம் பிசகினாலும் காதில் உறுத்தும்.

கூட பியானோவோ, அதன் பழைய உறவான ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியமோ இருந்தால் இந்த வழி சரிப்படாது. எல்லோரும் அதன் சுருதிக்குத்தான் வர வேண்டும். அப்போதும் ஃப்ளூட்டை முதலில் சூடாக்கிக்கொள்ளுங்கள்.