ஓட்டுவது ஒருவர், வழி சொல்வது மகன்: ஸ்காண்டிநேவியாவில் ஒரு கார்ப் பயணம்

அப்பாவோ அம்மாவோ ஒருவர், பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன், ஒரு வாடகைக் கார், இரண்டு வாரம். கோபன்ஹேகனில் கிளம்பி, ஸ்வீடனின் மேற்குக் கரையோரமாக ஓஸ்லோ போய், நார்வேயின் மலைகளையும் ஃபியோர்டுகளையும் (மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்த கடல்) ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் சுமார் 2,300 கி.மீ. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 165 கி.மீ., அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் களைத்துப்போனால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ள வண்டியில் இன்னொருவர் இல்லை. திட்டத்தின் எல்லா முடிவையும் இதை வைத்தே எடுக்க வேண்டும்.

எளிய கணக்கு: டென்மார்க், ஸ்வீடன் நெடுஞ்சாலைகளில் ஒரு நாளைக்கு 320 கி.மீ. போதும். நார்வே மலைப்பாதையில் 200. அங்கே பொதுவான வேக வரம்பே 80 கி.மீ.தான், வளைவு, சுரங்கம், ஃபெரிக்கு (கார் ஏற்றும் படகு) காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் சராசரி 60-க்கு மேல் ஏறாது. மூன்று நாளைக்கு ஒருமுறை கார் சாவியைத் தொடாத ஒரு நாள் இருக்கட்டும்.

எப்போது போவது

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்கும் நார்வே மலைப்பாதைக்கும் ஒத்துவராது. ஏப்ரலில் சொக்னெஃபியல், கெய்ராங்கர், ட்ரோல்ஸ்டிகன் என்ற மலைப்பாதைகள் எல்லாம் பனிமூடிப் பூட்டிக் கிடக்கும். பெரும்பாலும் மே மாதத்தில்தான் பனியை வாரித் திறப்பார்கள். எந்தத் தேதி என்பது அந்த வருடப் பனியைப் பொறுத்தது. மே மாதம்தான் முடியும் என்றால் மலையுச்சிப் பாதைகளை நம்பி அறை பதிவு செய்யாதீர்கள். ஓஸ்லோவிலிருந்து இ16 சாலையில் லார்டால் வரை போய்த் திரும்புங்கள். அது குளிர்காலத்திலும் ஓடும் சாலை. மே 17 நார்வேயின் தேசிய நாள். ஊருக்கு ஊர் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம் போவார்கள், பையனுக்குக் காட்ட வேண்டிய காட்சி அது. ஆனால் அன்று கடை திறந்திருக்காது, முந்தின நாளே சாமான் வாங்கிவிட வேண்டும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் பின்பாதிக்கு வையுங்கள். அங்கே பள்ளிகள் திறந்துவிடும், முகாம் குடில்கள் (முகாம் மைதானங்களில் வாடகைக்கு விடும் சிறு வீடுகள்) சுலபமாகக் கிடைக்கும், பனியால் எந்தப் பாதையும் மூடியிருக்காது. ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனில் நடுக்கோடைத் திருநாள். அன்று நாடே கதவடைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடும்.

காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா, அதாவது இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான விசா. அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இறங்கும் நாட்டுக்கு அல்ல. இந்தப் பாதையில் அது நார்வே. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் மகனோடு போவதால், வராத மற்றவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் தேவை. விசா கிடைத்ததும் இவற்றைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். குடிவரவு வரிசையிலும் கேட்கலாம், கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வருடத்துக்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது தனியாகச் செல்லாது, அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை வெளிநாட்டுப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சை இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடிக்குச் சிக்கல் இல்லை.

காரை எடுக்கும்போது

எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுப்பது முக்கியம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் வாடகையையே மிஞ்சக்கூடும். மூன்று நாடுகளுக்கும் ஓட்டிப்போக அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆட்டோமேடிக் வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். வலது பக்கச் சாலையும் பழகாத கியரும் ஒரே நாளில் வேண்டாம். கடன் அட்டை ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும், அதன் ரகசிய எண் (PIN) நினைவில் இருக்க வேண்டும். ஆளில்லா பெட்ரோல் பம்புகளில் அது இல்லாமல் ஒரு சொட்டும் வராது.

மகன் 135 செ.மீ.க்குக் குறைவு என்றால் மூன்று நாடுகளிலும் பூஸ்டர் சீட் (உட்காரும் உயரத்தைக் கூட்டும் இருக்கை) கட்டாயம், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஸ்வீடனில் இன்னொரு விதி: 140 செ.மீ.க்குக் குறைவானவர் இயங்கும் காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் உட்காரக் கூடாது. அதற்குக் குறைந்த உயரம் என்றால் பின் இருக்கையின் வலப்பக்கம் சரியான இடம். அங்கிருந்து முன் கண்ணாடி வழியே சாலை தெரியும், இறங்குவதும் நடைபாதைப் பக்கம்தான்.

வலது பக்கம் ஓட்டுவது

ஸ்வீடனும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடதுபுறம் ஓட்டிய நாடுதான். 1967 செப்டம்பர் 3 அன்று விடிகாலையில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் வலதுபுறத்துக்கு மாறினார்கள். ஒரு நாடே பழகிக்கொண்டது, நமக்கு இரண்டு நாள் போதும்.

தவறு நடக்கும் இடம் நெரிசலான நகரம் அல்ல. அங்கே முன்னால் போகும் வண்டி வழி காட்டிவிடும். பெட்ரோல் போட்டுவிட்டு ஆளில்லாத சாலைக்குள் திரும்பும்போதுதான் பழைய கை தன்னிச்சையாக இடதுபுறம் போகும். நடுக்கோடு எப்போதும் ஓட்டுபவரின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "வலது பக்கம்" என்று மகன் சத்தமாகச் சொல்வது முதல் விதியாக இருக்கட்டும். இண்டிகேட்டர் தண்டு இடது கையில் இருக்கும். முதல் நாள் முழுக்கத் திரும்பும் இடத்திலெல்லாம் வைப்பர்தான் ஓடும், பதற வேண்டாம்.

ஹெட்லைட் பகலிலும் எரிய வேண்டும், மூன்று நாடுகளிலும் சட்டம் அதுவே. மதுவுக்கான வரம்பு நார்வேயிலும் ஸ்வீடனிலும் 0.2 புரோமில் (ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு), அதாவது ஒரு பீர் குடித்தாலும் சாவியைத் தொடாதீர்கள்.

நார்வே ஊர்களுக்குள் அதிகம் ஏமாற்றுவது வலப்பக்க முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலதுபுறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும், நீங்கள் நின்று வழிவிட வேண்டும். வைர வடிவ மஞ்சள் பலகை தெரிந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். வேகப் பலகையையும் மஞ்சள் வைரத்தையும் மகன் பார்த்துச் சொல்லட்டும்: "அப்பா, அறுபது... அப்பா, மஞ்சள் முடிஞ்சிருச்சு." விளையாட்டாகத் தெரியும், ஆனால் அபராதத்திலிருந்து காப்பாற்றுவது இதுதான். நார்வேயில் சில சாலைகளில் இரண்டு கேமராக்களுக்கு இடைப்பட்ட சராசரி வேகத்தையே கணக்கிடுவார்கள். கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டுத் தப்பும் வழி அங்கே இல்லை.

பாதை

கோபன்ஹேகனில் இரண்டு இரவு. காரை எடுக்கும் முன் ரயிலில் ரோஸ்கில்டே போய்வாருங்கள். ஃபியோர்டின் அடியிலிருந்து 1962-இல் தோண்டியெடுத்த ஐந்து வைக்கிங் கப்பல்கள் அங்கே இருக்கின்றன.

ஸ்வீடனுக்குப் போக இரண்டு வழி. ஒன்று 2000-இல் திறந்த ஓரெசுண்ட் பாலம்: நான்கு கி.மீ. கடலடிச் சுரங்கம், செயற்கைத் தீவு, பிறகு எட்டு கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த பாலம். டோல் கட்டுவது ஸ்வீடன் கரையில். இன்னொன்று ஹெல்சிங்கோரிலிருந்து ஹெல்சிங்போரிக்கு இருபது நிமிட ஃபெரி. போகும்போது பாலம், வரும்போது ஃபெரி என்று வைத்தால் களைத்துத் திரும்பும் நாளில் சிறிது ஓய்வும் கிடைக்கும்.

கோதன்பர்க் ஒரு இரவு. மறுநாள் இ6 சாலையில் ஓஸ்லோ, 300 கி.மீ.க்குள். நடுவில் தானூமில் வெண்கலக் காலப் பாறைச் செதுக்கல்கள்: படகுகள், வேட்டைக்காரர்கள், விலங்குகள், கண்ணுக்குத் தெரியச் சிவப்புச் சாயம் பூசியவை. வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் செலவிடலாம்.

ஓஸ்லோவுக்குப் பிறகு அவசரப்படாதீர்கள். லோம் 350 கி.மீ. அளவில் இருக்கிறது, லில்லஹாமரில் ஒரு இரவு தங்கிவிட்டுப் போங்கள். லோமில் இரண்டு இரவு. அங்கிருந்து கெய்ராங்கர் சுமார் 90 கி.மீ., பெட்டிகளைக் குடிலிலேயே வைத்துவிட்டுப் போய்த் திரும்பலாம்.

கெய்ராங்கர் இறக்கத்தில் கெட்டுப்போவது பிரேக். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் தட்டுகள் சூடேறி எரிந்த வாடை வரும், அதற்கு மேல் மிதித்தால் பிடிக்காது. ஆட்டோமேடிக்கில் கையியக்க நிலைக்கு மாற்றி இரண்டாம் கியரில் இறக்குங்கள். மின்சாரக் காராக இருந்தால் மோட்டாரே வேகத்தைப் பிடிக்கும், பேட்டரியும் கொஞ்சம் ஏறும். வாடை வந்துவிட்டால் ஒதுங்கி நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். குறுகிய இடங்களில் 'எம்' எழுத்துப் போட்ட நீலப் பலகை எதிர் வண்டிக்கு ஒதுங்கும் இடத்தைக் காட்டும். அது வண்டி நிறுத்தும் இடம் அல்ல. வளைவுகளில் மகனுக்குக் குமட்டினால் கைபேசியையும் வரைபடத்தையும் வாங்கி வைத்துவிட்டுத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் ஏறும் முன்பே கொடுக்க வேண்டும், குமட்டல் வந்தபின் பயனில்லை.

லோமிலிருந்து சோக்ன்டாலுக்கு 140 கி.மீ. அளவு, நடுவில் 1,434 மீட்டர் உயரத்தில் சொக்னெஃபியல். கீழே அரைக்கைச் சட்டை, மேலே பற்கள் தந்தியடிக்கும் குளிர். கம்பளி உள்ளாடையும் காற்றுப் புகாத மேல்சட்டையும் டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காலையில் கிளம்பும் முன் நார்வே சாலைத்துறையின் 175 எண்ணுக்கு அழைத்தால் பாதை திறந்திருக்கிறதா என்று சொல்வார்கள்.

பிறகு மன்ஹெல்லரிலிருந்து ஃபோட்னஸுக்குக் கால்மணி நேர ஃபெரி. வரிசையில் நின்று, கைகாட்டும் தடத்தில் ஏற்றி, 'பி'-யில் போட்டுக் கைபிரேக்கையும் இழுத்துவிடுங்கள்.

அடுத்தது லார்டால் சுரங்கம், 24.5 கி.மீ., 2000-இல் திறந்தது. தனி ஓட்டுநருக்கு இந்தப் பாதையிலேயே ஆபத்தான இடம் மலைவளைவு அல்ல, இதுதான். இருபது நிமிடம் ஒரே இருட்டு, ஒரே இரைச்சல், கண் சொக்கும். கட்டியவர்களுக்கே அது தெரியும். அதனால்தான் நடுவில் மூன்று இடங்களில் நீல ஒளி பாய்ச்சிய அகன்ற குகைகளை வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கடந்துவிடுங்கள். அடுத்த நீலம் எத்தனை நிமிடத்தில் வரும் என்று மகன் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அவர்லாண்டில் இரண்டு இரவு: ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேகஸ்டைன் மேடை ஒரு நாள், ஃப்லோம் மலை ரயில் ஒரு நாள். திரும்பும் வழியில் ஃபாகர்னெஸில் ஒரு இரவு தங்குங்கள்.

குடிலும் சோறும்

முகாம் குடில் என்றால் படுக்கை உண்டு, விரிப்பு இருக்காது. இரண்டு பெட்ஷீட், தலையணை உறை கொண்டுபோங்கள். கிளம்பும்போது தரையைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போவது வழக்கம். ஜூனில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும், பையன் தூங்கமாட்டான். கண்மறைப்புத் துணி அவசியம். கூடாரம் போடுவதானால், நார்வேயில் குடியிருப்பு வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, பயிரிடாத நிலத்தில் இரண்டு இரவு வரை அனுமதி. டென்மார்க்கில் அந்த உரிமை கிடையாது.

ஒரு லிட்டர் ரைஸ் குக்கர் போதும். பிளக்கைப் பாருங்கள்: மெல்லிய இருமுனை நேராகப் பொருந்தும், தடித்த மூன்றுமுனைக்கு அடாப்டர் வேண்டும். நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்குங்கள். பால் வாங்கும்போது 'குல்துர்மெல்க்' என்ற அட்டைப்பெட்டியைத் தவறி எடுத்தால் காப்பி திரிந்துவிடும். அது கெட்டி மோர். அதே பெட்டியை வேண்டுமென்றே எடுத்துச் சோற்றில் ஊற்றி உப்புப் போட்டுப் பிசைந்தால் தயிர்சாதத்துக்கு மிக அருகில் வரும். காலி பாட்டில்களைக் கடை வாசல் எந்திரத்தில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று குரோனர் திரும்பும், அது மகனின் கைச்செலவுக்கு.

பழுதாகும் இடங்கள்

ஸ்வீடனில் வண்டி நிறுத்தும் பலகையில் மூன்று வரி இருக்கும். கறுப்பு எண் வார நாள், அடைப்புக்குள் உள்ளது சனிக்கிழமை, சிவப்பு ஞாயிறு. சந்திப்பிலிருந்து பத்து மீட்டருக்குள் நிறுத்தினால் அபராதம். டென்மார்க்கில் வண்டியை நிறுத்திய நேரத்தைக் காட்ட, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கடிகார வட்டைத் திருப்பி வைக்க வேண்டும்; முள் வந்த நேரத்துக்கு அடுத்த கால்மணியைக் காட்டட்டும்.

மூஸ் மான் விடியலிலும் அந்தியிலும் சாலைக்கு வரும். கால்கள் உயரம் என்பதால் மோதினால் உடல் நேரே முன் கண்ணாடியின் மேல் விழும், அதனால்தான் அது கொல்கிறது. ஒன்றைக் கண்டால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். இருட்டும் முன் குடில் சேர்ந்துவிடுவதே நல்லது. மோதிவிட்டால் ஸ்வீடனில் 112-ஐ அழைத்துச் சொல்வது சட்டப்படி கட்டாயம்.

நார்வே நகரங்களைச் சுற்றியுள்ள டோல் சாவடிகளில் யாரும் நிறுத்த மாட்டார்கள், கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும். ஸ்டாக்ஹோம், கோதன்பர்க் நெரிசல் வரியும் அப்படியே. பணம் வாடகை நிறுவனம் வழியாகப் பல வாரம் கழித்து, நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து அட்டையில் பிடிக்கப்படும். கடந்த சாவடிகளையும் நேரத்தையும் மகன் ஒரு நோட்டில் குறித்து வந்தால் பில்லோடு ஒப்பிடலாம். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களும், எரிபொருள் முள்ளும் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி டோல் பில் வந்து சேரும்வரை அவற்றை அழிக்க வேண்டாம்.