தரையை உடைக்காமல் சிறிய குளியலறையைச் சீரமைத்தல்

தமிழ்நாட்டில் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் நான்கடிக்கு ஆறடி அளவுள்ள குளியலறைகள் ஏராளமாக உள்ளன. இடைவெளிகளில் கறுத்த ஓடுகள், அடிப்பகுதி இற்றுப்போன மரக்கதவு, உப்புப் படிந்த குழாய்கள், கீழ்த்தளத்துக் கூரையில் ஈரக்கறை என்று இவற்றின் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கொத்தனாரைக் கேட்டால் எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்பார். ஆனால் செலவில் பெரும்பகுதி உடைப்பதற்கும் இடிபாட்டை அப்புறப்படுத்துவதற்கும் மறுபடி பூசுவதற்குமே போய்விடும். அடித்தளம் உறுதியாக இருக்கும் அறைக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. கையில் இருக்கும் சிறு தொகையை நீர் ஓடும் வழிகளைச் சரிசெய்வதற்கு முதலில் செலவிட வேண்டும். அழகுக்கான செலவு மிச்சத்தில் பார்த்துக்கொள்ளத்தக்கது.

எனவே வேலையைத் தொடங்கும் முன் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைத் திட்டவட்டமாகக் கண்டறிய வேண்டும். இரண்டு நாட்கள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டும் கீழ்த்தளத்து ஈரம் குறையவில்லை என்றால், சுவருக்குள் எப்போதும் நீர் நிறைந்திருக்கும் குழாயில் ஒழுக்கு இருக்கக்கூடும். ஈரம் காய்ந்துவிட்டால் தரையையோ கழிவுநீர்ப் பாதையையோ சந்தேகிக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய, நஹானி டிராப்பின் (தரையிலிருந்து கழிவுநீர் இறங்கும் துளையமைப்பின்) வாயைப் பாலித்தீன் உறையில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, தரையில் ஓரங்குல உயரத்துக்கு நீர் நிரப்பி, சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு ஒரு நாள் முழுதும் அப்படியே விட வேண்டும். ஆவியாவதால் மட்டம் சிறிதளவு இறங்குவது இயல்பு. குறிப்பிடத்தக்க அளவு இறங்கினால் ஓட்டின் இணைப்புகள் வழியே நீர் போகிறது என்று பொருள். மட்டம் அப்படியே இருந்து, துணியை எடுத்து நீரை வெளியேற்றிய பிறகு மட்டும் கீழே ஈரம் தோன்றினால் குறை டிராப்பிலோ அதற்கு அடுத்த குழாய் இணைப்பிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை. இதைச் செய்யாமல் யாரும் உளியைக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, ஒரு நாணயத்தால் ஒவ்வொரு ஓட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் ஓடு கெட்டியான ஒலியைத் தரும். அடியில் காலியிடம் உள்ள ஓட்டின் ஒலி பொள்ளலாகக் கேட்கும். இரண்டு மூன்று ஓடுகள் அப்படி இருந்தால் அவற்றை மட்டும் பெயர்த்து மறுபடி ஒட்டலாம். தரையின் பெரும்பகுதி அப்படியிருந்தாலோ, கீழ்த்தளத்துக் கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ இங்கே சொல்லப்படும் முறை பொருந்தாது. அங்கே தரையை உடைத்து நீர்த்தடுப்புப் பூச்சிலிருந்து தொடங்குவதே சரி.

தரையின் வாட்டத்தையும், அதாவது சரிவையும், இப்போதே சோதித்துக்கொள்ள வேண்டும். ஐந்தடி நீளத்துக்கு ஓரங்குலம் என்ற அளவில் தரை டிராப்பை நோக்கிச் சரிந்திருந்தால் நீர் தேங்காது. ரசமட்டம் இல்லையென்றாலும், ஒரு குவளை நீரை எதிர் மூலையில் ஊற்றி அது எங்கே நிற்கிறது என்று பார்த்து, அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டால் போதும்.

பழுது பார்க்கும் முன் உப்புக் கறையை அகற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் வெண்படலத்துக்குப் பலர் கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது கறையோடு ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டையும் அரித்து, கசிவுக்குப் புதிய வழி திறந்துவிடுகிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து, கறையின் மீது தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலான கறைகள் போய்விடும். மொசைக், பளிங்கு, கடப்பைக் கல் ஆகியவற்றின் மீது இதைப் பயன்படுத்தலாகாது. பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, ஏனெனில் அதிலிருந்து நச்சுவாயு கிளம்பும்.

இனி இணைப்புகள். உடைந்த ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஓடுகளுக்கு இடையிலுள்ள பழைய சிமெண்டை, ஓட்டின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது சுரண்டி எடுக்க வேண்டும். மேலாகக் கீறிவிட்டுப் பூசினால் சில மாதங்களில் உரிந்துவிடும். சலிப்பூட்டும் வேலைதான் என்றாலும் இதில் காட்டும் பொறுமையே கசிவை நிறுத்துகிறது. தூசியைத் துடைப்பத்தால் நீக்கி, ஒரு நாள் நன்றாக உலரவிட்ட பிறகு, தரைக்கும் சுவரின் கீழ் ஓரடிக்கும் இபாக்சி குரௌட்டையும் (இடைவெளி நிரப்பும் பிசின் கலவை), மேலுள்ள சுவருக்கு விலை குறைந்த சிமெண்ட் குரௌட்டையும் பயன்படுத்தலாம். இபாக்சி விரைவில் இறுகிவிடும். வெயில் காலத்தில் இன்னும் விரைவாகவே இறுகும். ஆகவே காலை வேளையில், கையுறை அணிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ரப்பர் பட்டையால் இடைவெளிகளுக்குள் அழுத்தி நிரப்பி, ஓட்டின் மேல் படிந்ததை ஈரப் பஞ்சினால் உடனுக்குடன் துடைத்தெடுக்க வேண்டும். டிராப்பின் விளிம்புக்கும் ஓட்டுக்கும் இடையிலான இடுக்குதான் பெரும்பாலான கசிவுகளுக்குப் பிறப்பிடம் என்பதால், அதை உலர்த்தி எம்சீல் போன்ற இபாக்சி பிசினால் தனியாக அடைக்க வேண்டும்.

ஓடுகள் வழுவழுத்துக் கால் வழுக்கினாலோ பெரிதும் சிதைந்திருந்தாலோ, பழைய தரையின் மேலேயே புதிய ஓடு பதிக்கலாம். சிமெண்ட் பால் ஊற்றிப் பதிப்பது பளபளப்பான பழைய ஓட்டில் நிற்காது. பழைய பரப்பைச் சாணைக்கல்லால் சொரசொரப்பாக்கி, சோப்புப் படலம் போகக் கழுவி, ஓட்டின் மேல் ஓடு ஒட்டுவதற்கென்றே உள்ள பாலிமர் கலந்த பசையைப் பல் கரணையால் இழுத்துப் பூச வேண்டும். நான்கடிக்கு ஆறடி என்பது 24 சதுர அடி. வெட்டில் வீணாவதையும் சேர்த்து ஓரடிச் சதுர ஓடுகள் 27 வாங்கினால் போதும், 20 கிலோ பசைப் பை ஒன்று தாராளம். இந்தச் சிறிய அளவு நமக்குச் சாதகமானது: பெரிய வேலைகளில் மிஞ்சி, கடை மூலையில் கிடக்கும் இரண்டு மூன்று பெட்டிகளைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். பெட்டிகளில் நிற எண் ஒன்றாக உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டடி ஓடுகள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஏனெனில் நாற்புறமிருந்தும் டிராப்பை நோக்கிச் சரியும் தரைக்கு அவை வளைந்து கொடுக்காது. மேற்பரப்பு சொரசொரப்பான மேட் வகையே குளியலறைத் தரைக்கு ஏற்றது. முன்பு வட்டமிட்ட பள்ளங்களில் பசையைச் சற்றுக் கூட்டி வாட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம். தரை ஏறத்தாழ அரை அங்குலம் உயரும் என்பதால் கதவின் அடியை வெட்டவும் டிராப்பின் ஜாலியை உயர்த்தவும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கழிப்பறைப் பீடத்தைக் கழற்றாமல், அதன் அடிப்பகுதியின் வளைவைச் செய்தித்தாளில் அச்செடுத்து, அதன்படி ஓட்டை வெட்டிப் பொருத்துவதே பாதுகாப்பானது.

குழாய்களைப் பொறுத்தவரை, சுவருக்குள் புதைந்திருக்கும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் துருப்பிடித்திருந்தால் அதைத் தோண்டி எடுக்க முயலாமல், அது தொடங்கும் இடத்திலேயே மூடி போட்டு அடைத்துவிட்டு, சுவரின் மேலேயே கிளாம்ப் வைத்துப் புதிய சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு செல்லலாம். பார்வைக்குச் சற்றுக் குறைவாகத் தோன்றினாலும், பிற்காலத்தில் ஒழுக்கு ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரியும். குழாயை நேராக வெட்டி, விளிம்பின் பிசிறை நீக்கி, அதற்குரிய ஒட்டுக் கரைசல் பூசி, கால்சுற்றுத் திருகி அழுத்தி அரை நிமிடம் பிடித்திருந்தால் இணைப்பு உறுதியாகும். மறுநாள் வரை நீரைத் திறக்க வேண்டாம். உப்பு நீர் உள்ள ஊர்களில் மலிவான உலோகத் திருகு குழாய்களைக் காட்டிலும், துருப்பிடிக்காத பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய்கள் நீண்ட காலம் உழைக்கும். நல்ல பித்தளைக் குழாய் சொட்டினால் அதன் வாஷரையோ ஸ்பிண்டிலையோ மாற்றினால் போதும்.

இற்றுப்போன மரக்கதவுக்குப் பதிலாக பி.வி.சி. கதவைப் பொருத்தலாம், சட்டம் உறுதியாக இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. ஓட்டுக்கு மேலுள்ள சுவருக்கும் கூரைக்கும், பூஞ்சையைச் சுரண்டி நீக்கிய பிறகு, பூஞ்சைத் தடுப்பு வண்ணம் இரண்டு முறை பூச வேண்டும். சன்னல் சிறியதாக இருந்தால் காற்றை வெளியேற்றும் சிறு மின்விசிறி அவசியம். மின்வேலையை மட்டும் எவரும் தாமே செய்யத் துணியக் கூடாது. கீசருக்குத் தனி 16 ஆம்பியர் இணைப்பும், முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் உரிமம் பெற்ற மின்பணியாளர் கையால் பொருத்தப்பட வேண்டும். செலவைக் குறைக்க எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.