கனிமங்களின் வேதிக் கலவையைப் படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கு

சுண்ணாம்புக்கல், ஜிப்சம், டோலமைட், கயோலின் என்று பட்டியலை உருப்போட்டால் சீக்கிரமே மறந்துவிடும். எந்தத் தனிமம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், சூளையில் போட்டால் அந்தக் கல் என்ன ஆகும் என்பதைக்கூட நீங்களே சொல்லிவிடலாம்.

படி 1: குடும்பத்தைப் பாருங்கள்

சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட் ஒரு கால்சியம் கார்பனேட். டோலமைட்டும் கார்பனேட்தான், ஆனால் அதில் கால்சியத்தோடு மக்னீசியமும் உண்டு. ஜிப்சம், நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட். பேரைட், பேரியம் சல்பேட். குவார்ட்ஸ், சிலிக்கான் டை ஆக்சைடு. ஹேமடைட்டும் மேக்னடைட்டும் இரும்பு ஆக்சைடுகள். கயோலினைட், டால்க், ஃபெல்ட்ஸ்பார் மூன்றும் சிலிக்கேட்டுகள்.

படி 2: எடை போட்டுப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. தயவுசெய்து தாளில் எழுதியே செய்யுங்கள். கால்சைட்டில் ஒரு கால்சியம் (அணு எடை 40), ஒரு கார்பன் (12), மூன்று ஆக்சிஜன் (48): மொத்தம் 100. சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடாக 44 பங்கு வெளியேறிவிடும்; மிஞ்சுவது 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. நூறு டன் தூய கல் போட்டால் 56 டன்தான் கிடைக்கும், சூளை எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஜிப்சத்தின் மொத்தம் 172, அதில் நீர் 36. அதாவது கிட்டத்தட்ட 21 சதவீதம். சுமார் 150 டிகிரியில் அந்த நீரில் முக்கால் பங்கு போய்விட்டால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் ஊற்றினால் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறுகும். இதே முறையில் இரும்புக்கும் போட்டுப் பாருங்கள்: ஹேமடைட்டில் 70 சதவீதம், மேக்னடைட்டில் 72 சதவீதத்துக்குச் சற்று மேல்.

படி 3: கையால் சோதியுங்கள்

நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா? டால்க் அல்லது ஜிப்சமாக இருக்கலாம். கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸாகவோ ஃபெல்ட்ஸ்பாராகவோ இருக்கலாம். வினிகர் விட்டால் கால்சைட் பொடி நுரைக்கும், டோலமைட் அநேகமாகச் சும்மா கிடக்கும். மெருகு பூசாத பீங்கானில் தேய்த்தால் ஹேமடைட் செம்பழுப்புக் கோடும் மேக்னடைட் கறுப்புக் கோடும் போடும். மேக்னடைட்டைக் காந்தம் நன்றாகவே இழுக்கும். வெளிர் நிறக் கல் அளவுக்கு மீறிக் கனத்தால் பேரைட்டை நினையுங்கள். அதன் அடர்த்தி எண் 4.5, குவார்ட்ஸுக்கு 2.65தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குவார்ட்ஸை உலர்வாகப் பொடிக்காதீர்கள். அந்த நுண்தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும், அதைக் குணப்படுத்த வழியில்லை.

படி 4: ஆய்வக அறிக்கையைப் புரிந்துகொள்ளுங்கள்

அறிக்கையில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்றே இருக்காது. வழக்கமாகத் தனிமங்களை ஆக்சைடாகத்தான் எழுதுவார்கள். கால்சியம் ஆக்சைடு 50 சதவீதம் என்றிருந்தால், அது முழுவதும் கால்சைட்டிலிருந்து வந்தது என்று கொண்டு 56ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: சுமார் 89 சதவீதம் கால்சைட். சுட்டபோது குறைந்த எடையை எரியிழப்பு என்று தனி வரியில் தருவார்கள். தூய கால்சைட்டுக்கு அது 44. அடுத்து மக்னீசியம் ஆக்சைடு வரியைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் கல்லில் டோலமைட் கலந்திருக்கலாம். அப்போது மேலே போட்ட கால்சைட் கணக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சிமென்டுக்கு அந்தக் கல்லை எடுப்பதற்கு முன்பும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் மிகுதியான மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) பின்னாளில் மெதுவாக நீரேறி விரிந்து கான்கிரீட்டில் வெடிப்பு விடும்.